மறக்கத் தெரிந்த அக்கா

நோர்வே நிர்வாகச் சட்டம், பதினோராம் பிரிவு, 'அ' உட்பிரிவு. அரச அலுவலகம் ஒன்று தன்னிடம் வந்த விடயத்தைத் தகுந்த காரணமின்றித் தாமதிக்காமல் முடிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் தர இயலாவிட்டால், ஏன் இயலவில்லை, எப்போது இயலும் என்று இடைக்காலப் பதில் ஒன்றையாவது அனுப்ப வேண்டும்.

அழகான பிரிவு. ஓய்வு பெறும்வரை, புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கு அதை நான் வகுப்பெடுத்தேன். பதில் இல்லையென்றால், இல்லை என்பதையாவது சொல்லுங்கள், ஆளை இருட்டில் நிறுத்தாதீர்கள் என்பேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு வாஃபிள் சாப்பிடுவோம். பிரிவு மேசை லாச்சிக்குள் போய்விடும்.

அந்த டிசம்பர் மத்தியானம் என் வீட்டு மணி அடித்தது. ஒஸ்லோவின் ஓரத்தில் இருக்கும் எங்கள் ஹவுகன்ஸ்டுவாவில் டிசம்பர் மத்தியானம் என்றால் வெளிச்சம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் நேரம். கதவைத் திறந்தால் ஐந்தாம் மாடிப் பர்வானே. ஒரு கையில் கையுறை, மற்றக் கையில் கடிதம். சப்பாத்திலிருந்து பனி உருகி எங்கள் கால்மிதியில் வடிந்துகொண்டிருந்தது.

"பரகிராஃப், என்ரை அக்கா தன்ரை வீட்டை நோர்வே அரசாங்கத்துக்குத் தானமாக் குடுத்திட்டாவாம்," என்றார்.

குரல் கரகரத்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சட்டென்று தெரியவில்லை.

ஐந்தாம் மாடி

'பரகிராஃப்' என்றால் இந்த நாட்டில் சட்டப்பிரிவு. அது பர்வானே எனக்கு வைத்த பெயர். நாங்கள் இருவரும் கதைத்தது நோர்வே மொழியில்தான். அந்த மொழியில் 'நீங்கள்' செத்து வெகுகாலம். ஆனாலும் அவர் சொன்னவற்றை நினைக்கும்போது எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சாகவே, மரியாதையோடுதான் காதில் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

பர்வானே ஷிராஸில் பிறந்தவர். பத்தொன்பது வயதில் கலிபோர்னியாவுக்குப் போய், மாமாவின் சலவைக்கடையில் மற்றவர்களின் கோட்டுகளுக்கு இலக்கத் துண்டு குத்திக்கொண்டே ஆங்கிலம் படித்தார். பிறகு அமெரிக்கக் குடியுரிமை, கல்லூரியொன்றில் விரிவுரை, மூன்று கவிதைத் தொகுதிகள். அமெரிக்காவில் அவர் ஈரானியக் கவிஞர். ஈரானியர் மத்தியில் அமெரிக்கக் கவிஞர். இரண்டு வருட விருந்தினர் எழுத்தாளராக ஒஸ்லோவுக்கு வந்து, ட்ராம் ஓட்டும் நோர்வேக்காரர் ஒருவரை மணந்து, அவரும் இறந்துபோன பிறகு, எங்கள் வீட்டுக்கு நேர் மேலே, ஐந்தாம் மாடி. அழைப்புமணியில் பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்கள். கட்டட நிர்வாகத்துக்கு அவருக்காக நான் எழுதிய முதல் முறைப்பாடு அதுதான். அது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

முதற்தடவை அவருடைய வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போனபோது, இடுப்புச் சிறுத்த சின்னக் கண்ணாடிக் குவளையில் தந்தார். வடிவான குவளை என்றேன்.

"உங்களுடையது. கொண்டு போங்கோ," என்றார்.

வேண்டாம் என்றேன். இல்லை, கட்டாயம் என்று இன்னும் இரண்டு தரம் சொன்னார். சரியென்று கழுவித் துடைத்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.

என் மனைவி சரோ இடுப்பில் கைவைத்தபடி அதைப் பார்த்தாள். "என்னப்பா இது? ஆக்களின்ரை வீட்டிலை தேத்தண்ணி குடிக்கப் போனால் கிளாஸையும் தூக்கிக்கொண்டே வாறது? அவ ஒரு மரியாதைக்குச் சொல்லியிருப்பா."

"மூண்டு தரம் சொன்னவ."

"நான் ஆக்களுக்கு இது உங்கட வீடு மாதிரி எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன்? ஆரும் வந்து வீட்டு உறுதியை எழுதித் தா எண்டு கேட்டவையே?"

அடுத்த நாள் குவளையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பர்வானே கதவைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தார். அவர்களுக்கு இது குழந்தையிலேயே ஊட்டப்படும் பழக்கம். தன்னுடைய எதையாவது ஒருவர் கேட்டாலோ மெச்சினாலோ, அது உங்களுடையது என்றுதான் சொல்ல வேண்டும். ஒஸ்லோ நகரத்துக் குறொன்லாண்டில் அவர் சாமான் வாங்கும் ஈரானியக் கடைக்காரரும் முதலில் காசு வேண்டாம் என்பார். நீங்கள் கொடுக்க வேண்டும். அவர் மறுக்க வேண்டும். பின்னால் நிற்பவர் பொறுமை இழக்கும்வரை அது நடக்கும்.

சட்டம் படித்த எனக்கு அதுவரை தெரியாத சொத்துரிமை மாற்றம் அது.

அக்கா செய்த வேலை

கவிஞர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பர்வானே எப்படி எழுதினார் என்று தெரியும், ஏனென்றால் எங்கள் கட்டடத்தில் சுவரும் தளமும் மெல்லியவை.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் ஷிராஸில் இருக்கும் அக்கா மஹினுக்குத் தொலைபேசி எடுப்பார். அந்தக் கிழமை பாரசீகத்தில் எழுதிய கவிதையை மூன்று தரம் வாசிப்பார். அக்கா எதையும் எழுதிவைக்கக் கூடாது. அடுத்த வெள்ளி, அக்கா தனக்கு ஞாபகம் உள்ளதைச் சொல்லுவார். அக்கா மறந்த வரிகளைப் பர்வானே வெட்டிவிடுவார். அக்கா மாற்றிச் சொன்னது நன்றாக இருந்தால், மாற்றிச் சொன்னதே நிற்கும். மிஞ்சியதைத்தான் ஆங்கிலத்தில் எழுதுவார்.

கலிபோர்னியாவுக்குப் போன காலத்தில் அழைப்பு எடுப்பது பெரும்பாடாக இருந்தபோது தொடங்கிய வழக்கம். பிறகு வேறு விதமாக எழுத வரவில்லை.

"அமெரிக்க விமர்சகர்கள் என்ரை சிக்கனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமா எழுதினவை," என்று ஒருநாள் சொன்னார். "அது என்ரை அக்காவின்ரை மறதி. அவவுக்குச் சமையல் அலுவல் கூட எண்டால் எனக்குக் கவிதை சின்னனாகும்."

தகப்பனைப் பிரிந்ததைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு எழுதிய கவிதையொன்றில் அக்காவின் நினைவில் நின்றது மூன்று வரிதான். தமிழில் இப்படி வரும்:

விமான நிலையத்தில் எல்லாவற்றையும் கழற்றித் தட்டில் வைத்தேன்.
பெல்ட் திரும்பி வந்தது. சப்பாத்து திரும்பி வந்தது.
மொழி இன்னும் அந்த இயந்திரத்துக்குள் இருக்கிறது.

வெட்டுப்பட்ட மற்ற வரிகளில் என்ன இருந்தது என்று கேட்டேன்.

"அப்பா இருந்தார்," என்றார்.

அந்த அக்காவை அவர் முப்பது வருடத்துக்கு மேல் நேரில் பார்த்ததில்லை. அச்சில் வந்த கவிதைகளுக்காக அங்கே பெயர் குறித்து வைத்திருப்பதால் அவர் ஈரானுக்குப் போக முடியாது. அக்காவுக்கு அமெரிக்கா விசா கொடுக்கவில்லை. ஒஸ்லோவில் நிரந்தரமாகத் தங்கியதற்கு ட்ராம் ஓட்டுனர் பாதிக் காரணம். இங்கிருந்தாலாவது அக்காவைக் கூப்பிடலாம் என்பது மறுபாதி. நோர்வேயைப் பற்றி வெளிநாட்டவர்களுக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. அது அஞ்சல் தலைகளைப் பார்த்து வந்தது.

வீடு யாருடையது

அந்த டிசம்பருக்கு முந்திய கோடைகாலம் முழுக்கப் பர்வானேயின் தொண்டை கட்டியிருந்தது. சளி, தடிமன் என்றோம். சரோ கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். இலையுதிர் காலத்தில் குரல்வளையில் கட்டி என்று பெயர் மாறியது. முதலில் கதிர்வீச்சு. அது கேட்காவிட்டால் குரல்வளையை முழுதாக எடுக்க வேண்டும் என்றார்கள்.

கையில் ஒரு தொகுதிக்கான கவிதைகள் இருந்தன. கடைசித் தொகுதி என்று அவரே சொன்னார். எல்லாம் நீளம் நீளமாக, வெட்டாமல் கிடந்தன. அக்கா வந்து மூன்று மாதம் இருந்தால், தினமும் ஒன்று வாசித்து முடிக்கலாம். குரல் போக முதல்.

மஹின் விசாவுக்கு விண்ணப்பித்தார். அவருடைய பிரதிநிதியாக என் பெயரைப் போட்டோம். வங்கிக் கூற்று, அழைப்புக் கடிதம், மருத்துவர் கடிதம், வீட்டு உறுதியின் மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் நானே அடுக்கினேன். வேலைசெய்த காலத்தில் இப்படியொரு கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பேன்.

டிசம்பரில் நிராகரிப்பு வந்தது. அந்தக் கடிதத்தைத்தான் பர்வானே என் வாசலில் நின்று நீட்டினார்.

விண்ணப்பதாரர் நாடு திரும்புவார் என்று நம்பப் போதிய காரணம் இல்லை. நேர்முகத்தில், ஷிராஸில் உள்ள வீடு யாருடையது என்று கேட்டபோது, அது தன்னுடையதல்ல, எதிரில் இருந்த அதிகாரியுடையது என்று விண்ணப்பதாரர் பதிலளித்தார். கேள்வி இருமுறை திருப்பிக் கேட்கப்பட்டது. பதில் மாறவில்லை.

நான் கடிதத்தை இரண்டாந்தரம் வாசித்தேன். சரோ தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"பாருங்கோவன்," என்றாள். "அந்த மனிசனும் உங்களைப் போல கிளாஸைத் தூக்கிப் பொக்கற்றுக்குள்ள வைச்சிட்டான்."

பர்வானே கதிரையில் இருந்து, நனைந்த கையுறையைப் பிழிந்துகொண்டிருந்தார். "அக்காவிட்டைக் கேட்டனான். திருப்பித் திருப்பிக் கேட்டவராம். அவருக்கு வீடு நல்லாப் பிடிச்சிட்டுது போல, சுருக்கா இல்லை எண்டு சொன்னால் மரியாதையில்லை எண்டு யோசிச்சவவாம். அவ இதுவரைக்கும் ஒரு வெளிநாட்டு அதிகாரியோடையும் கதைச்சதில்லை, பரகிராஃப். நல்ல பேர் எடுக்கோணும் எண்டு போனவ."

மேன்முறையீடு நான் எழுதினேன். வாழ்நாளில் நான் எழுதியவற்றில் அதுவே சிறந்தது. உபசார மொழியால் அசையாச் சொத்து கைமாறாது என்பதை ஆறு பக்கத்தில் நிறுவினேன். உண்மையில் கைமாறியதென்று அலுவலகம் கருதினால், அந்த அதிகாரி தன் புதிய வீட்டைப் பற்றி வரித் திணைக்களத்துக்கு அறிவித்தாரா என்றும் கேட்டிருந்தேன். சரோ அந்த வசனத்தை வெட்டச் சொன்னாள். வெட்டினேன். அவசர நிலையை விளக்கி, சத்திரசிகிச்சை நடக்கக்கூடிய காலத்தையும் குறித்து, முன்னுரிமை கேட்டு, தவணைக்கு முன்பே அனுப்பினேன்.

ஒரு மாதம் போனது. இடைக்காலப் பதில் வரவில்லை. இன்னொரு மாதமும் போனது.

எங்கள் பிள்ளை

அந்தக் குளிர்காலத்தில் ஈரானிலிருந்து வெளியே தொடர்புகள் அறுந்தன. வீடியோ அழைப்பு செத்தது. சாதாரண அழைப்பு எப்போதாவது ஒரு நிமிடம் பிடிக்கும், பிறகு நீருக்குள் போனதுபோல இருக்கும். குறுஞ்செய்திகள் மட்டும், நாலு அனுப்பினால் ஒன்று போய்ச் சேரும். வெள்ளிக்கிழமைகளில் மேல்மாடி அமைதியாக இருந்தது.

"ஒலிப்பதிவு செய்து ஆரிட்டையாவது குடுத்து விடலாமே?" என்று கேட்டேன். எனக்குப் பெருமையான யோசனை.

"ஒலிப்பதிவு ஒண்டையும் மறக்காது," என்றார் பர்வானே. "அவ திருப்பித் திருப்பிக் கேப்பா. எல்லாம் பாடமாகிப் போகும். எனக்கு அவ ஒருக்காக் கேட்டிட்டு மறக்கோணும்."

அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அதன் பெயரைச் சொல்லமாட்டேன். என் ஓய்வூதியமும் அதே அரசாங்கத்திடமிருந்துதான் வருகிறது. நீண்ட இசைக்குப் பிறகு ஓர் இளம்பெண் குரல். கோப்பு இலக்கத்தையும் என் பெயரையும் சொன்னேன். என் பெயர் முழுதாகச் சொல்லி முடிய நேரம் எடுக்கும். இடையில் அந்தப் பக்கம் ஒரு சின்ன மூச்சு.

"அங்கிள், நீங்கள் தமிழா?" என்றது குரல், திடீரென்று தமிழில்.

"ஓம் பிள்ளை."

"நானும். அம்மா அப்பா மட்டக்களப்பு. நான் பியோர்ண்டாலிலை பிறந்து வளர்ந்தனான்." குரலைத் தாழ்த்தினாள். "அங்கிள், ஸாக் வரிசையிலை நிக்குது. இன்னும் ஒரு ஸாக்ஸ்பெஹண்ட்லரிட்டையும் குடுக்கேல்லை. இவ்வளவுதான் நான் சொல்ல ஏலும்."

ஸாக் என்றால் வழக்கு. ஸாக்ஸ்பெஹண்ட்லர் என்றால் அதைக் கவனிக்கும் அலுவலர். நானும் அதுவாகத்தான் இருந்தேன்.

"இடைக்காலப் பதில் எங்கை? பதினோராம் பிரிவு 'அ' இருக்கெல்லோ, பிள்ளை."

"அது தானா எல்லாருக்கும் போற மாதிரி சிஸ்டத்திலை வைச்சிருக்கு, அங்கிள்."

"எனக்கு வரேல்லை."

"சிஸ்டத்திலை போனது எண்டு கிடக்கு."

"வராத கடிதம் போனதெண்டு எப்பிடிக் கிடக்கும்?"

"அங்கிள், கோவிக்காதேங்கோ. அந்த அன்ரிக்கு உண்மையா வருத்தமோ, கான்சரோ?"

"குரல் போகப்போகுது. அதுக்கு முதல் அக்கா வரோணும்."

அவளுக்குப் பின்னால் யாரோ கோப்பி இயந்திரத்தை அழுத்தினார்கள்.

"நான் ஒரு குறிப்புப் போடுறன். அவசரம் எண்டு. ஆனா முதலும் ஆரோ போட்டிருக்கினம், அங்கிள். எல்லா ஸாக்கிலையும் அவசரம் எண்டு கிடக்கு."

நல்ல பிள்ளை. இப்படிப்பட்ட பிள்ளைகள் அந்தக் கதிரைகளில் இருக்க வேண்டும் என்றுதான் நாங்கள் ஒரு தலைமுறையாகச் சனிக்கிழமைகளில் தமிழ்ப்பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனோம். இருக்கிறார்கள். வரிசை அதே வேகத்தில்தான் நகர்கிறது.

எங்களால் முடியாத வேலை

மார்ச்சில் மருத்துவர்கள் கதிர்வீச்சு கேட்கவில்லை என்றார்கள். பர்வானேயின் பேச்சு காய்ந்த சருகில் நடக்கிற சத்தமாகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலை கையில் தாள்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அக்கா இல்லை. நீங்கள் இரண்டு பேரும் கேளுங்கோ. நான் நோர்வே மொழியிலை சொல்லுறன். அடுத்த வெள்ளி ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்கோ."

சரோ அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து இருந்தாள். ஒரு நீளமான கவிதை. தாய் இறந்த வீட்டில் அலுமாரிகளைப் பூட்டிய திறப்புக் கொத்தைப் பற்றியது. மூன்று தரம் வாசித்தார். மூன்றாந்தரம் பாதிக்கு மேல் காற்றுத்தான் வந்தது.

அடுத்த வெள்ளி வந்தார். நான் முதலில் தொடங்கினேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒப்புவித்தேன். ஏழாவது வரியிலிருந்த இரண்டு பெயரடைகளையும் வரிசை மாறாமல் சொன்னேன். பர்வானே என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"நீங்கள் ஒண்டையும் விடேல்லை," என்றார். "அரசாங்கம் உங்களைப் பழுதாக்கிப் போட்டுது."

சரோவைப் பார்த்தார். சரோ கண்ணை மூடி யோசித்தாள். "நல்லாயிருந்தது. எனக்கு அழுகையும் வந்தது. ஆனா ஒண்டும் ஞாபகம் இல்லையப்பா. உண்மையாச் சொல்லுறன். திறப்பு எண்டு ஏதோ வந்தது."

பர்வானே சிரித்தார். சிரிப்புக்கும் சத்தம் இல்லாமல் போயிருந்தது, தோள் மட்டும் குலுங்கியது. எல்லாவற்றையும் வைத்திருப்பவன் ஒருவன், எல்லாவற்றையும் விடுபவள் ஒருத்தி. எங்கள் இருவரையும் கலந்து ஒரு அக்காவைச் செய்ய முடியவில்லை.

மஹின் எதை மறந்தார் என்பது மஹினுக்கே தெரியாது. அதே வீட்டில் அதே தாயிடம் வளர்ந்து, அதே பாடல்களைக் கேட்டு, அந்தத் திறப்புக் கொத்தைத் தானே இடுப்பில் செருகித் திரிந்தவர். அவருக்குள் ஒட்டாத சொல் பொய்ச் சொல் என்று பர்வானே நம்பினார். அதற்குப் பதிலாளை நியமிக்க எந்தச் சட்டத்திலும் வழியில்லை.

தவணை தவறாத இடம்

இந்த நாட்டில் புற்றுநோய்க்குத் தவணைகள் உண்டு. எத்தனை நாளுக்குள் எது நடக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரி அதைக் கடைப்பிடிக்கிறது. வேறு சந்தர்ப்பமாக இருந்தால் நான் எழுந்துநின்று கைதட்டியிருப்பேன்.

சத்திரசிகிச்சை நிபுணர் இளைஞர், மென்மையானவர். அக்கா வரும்வரை பொறுக்கலாமா என்று கேட்டோம். ஏற்கெனவே ஒரு தடவை எங்களுக்காகத் தள்ளியிருந்தார்.

"திகதியை மாற்ற எனக்கு முடியும்," என்றார். "கட்டிக்கு அறிவிக்கத்தான் வழியில்லை."

ஏப்ரல் கடைசியில் நாள் வைத்தார்கள். சிறிய வால்வு ஒன்று வைத்துச் சிலர் மறுபடி கதைப்பதுண்டு. பர்வானேக்கு அவ்வளவு இடம் மிஞ்சாது என்றும் சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. தொண்டையில் சின்னக் கட்டி, வைத்தியம் நடக்கிறது என்று மட்டும் செய்தி போயிருந்தது.

அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, சரோ சோறு கொண்டு மேலே போனாள். நானும் கூடப் போனேன். பர்வானே மேசையில் கைபேசியை வைத்துவிட்டு விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். விழவில்லை. மறுபடி. விழவில்லை. சோறு ஆறியது. இனிக் காணும், விடுங்கோ என்று சரோ கையைப் பிடிக்கப் போன நேரத்தில் இணைப்பு விழுந்தது.

"அலோ? அலோ? பர்வானே?"

அந்தக் குரலை நான் முதற்தடவையாகத் தெளிவாகக் கேட்டேன். தங்கையின் பழைய குரல் அதுவேதான். கோடைக்கு முந்திய குரல்.

பர்வானே நலம் விசாரிக்கவில்லை. தாளை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். முதல் வரி. அந்தப் பக்கம் உடனே அமைதி. மூச்சைப் பிடித்துக் கேட்கும் அமைதி. இரண்டாவது வரி முடிய முன் கைபேசியின் திரை மாறியது. அழைப்பு முடிந்தது என்று எழுதிக் காட்டியது.

பர்வானே அதைப் பார்த்தார். பிறகு மூன்றாவது வரியை வாசித்தார். நாலாவதை வாசித்தார். கடைசி வரைக்கும் வாசித்தார். திரும்பவும் மேலிருந்து தொடங்கினார். மூன்று தரம்.

சரோ என் சட்டையைப் பிடித்திருந்தாள். படியிறங்கும்போது, "அந்தச் சனியன் பிடிச்ச விசாக் கந்தோருக்கு நெருப்பு வைக்கோணும்," என்றாள். நான் அதற்குரிய தண்டனைச் சட்டப் பிரிவைச் சொல்லவில்லை.

பதில்

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்றார்கள். உயிர் தப்பியது என்பது அதன் அர்த்தம். பர்வானே வீட்டுக்கு வந்தார். கழுத்தில் ஒரு துவாரம், அதன்மேல் வெள்ளைத் துணி. பிள்ளைகள் கீறி அழிக்கும் சின்ன வெள்ளைப் பலகை ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட மறுத்து, மடியில் வைத்துக்கொண்டார். கவிதைத் தாள்கள் சமையலறை அலுமாரிக்கு மேலே போய்விட்டன.

இப்போது கடிதங்கள் தினமும் வருவதில்லை, ஒன்றுவிட்ட ஒருநாள்தான். அப்படியொரு நாளில் அலுவலகத்தின் பதில் வந்தது. பிரதிநிதி இருந்தால் முடிவைப் பிரதிநிதிக்கே அறிவிப்பார்கள். ஆகவே என் பெயருக்கு வந்தது.

மேன்முறையீடு ஏற்றுக்கொள்ளப்படுகிறது. மறுபரிசீலனையின்போது, வீடு தொடர்பான கூற்றை மரியாதை நிமித்தம் சொல்லப்பட்டதாகக் கொள்ளலாம் என அலுவலகம் கருதுகிறது. விசா வழங்கப்படும்.

என் ஆறு பக்கத்தில் ஒரு சொல்லும் வீண்போகவில்லை. முழு வெற்றி.

மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். சரோவும் வந்தாள். வெளியே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மே பதினேழு, தேசிய தின ஊர்வலத்துக்கு வாத்தியம் பழகிக்கொண்டிருந்தார்கள். எக்காளம் ஒன்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிழைத்தது. பர்வானே கடிதத்தை இரண்டுதரம் வாசித்தார். மடித்தார். பலகையில் எழுதினார்.

'வேண்டாம் என்று சொல்ல என்ன படிவம்?'

"படிவம் இல்லை," என்றேன். "பாவிக்காமல் விட்டால் தானாகக் காலாவதியாகும்."

"என்னவாம்?" என்று சரோ தமிழில் கேட்டாள்.

"அக்கா வரவேண்டாமாம்."

"ஏனாம்? ஒருக்கா முகத்தைப் பார்த்தாலும் போதாதே?"

பர்வானேக்குக் கேள்வி விளங்கிவிட்டது. எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார்.

'வந்து கதிரையில் இருந்தவுடன், வாசி என்று சொல்லுவா.'

பர்வானே பலகையைக் கைமுட்டியால் துடைத்துவிட்டு, என் பக்கம் திருப்பிப் பிடித்து நிதானமாக எழுதினார்.

'பதில் இன்னும் வரவில்லை என்று நீங்கள் அக்காவுக்கு எழுதுங்கள். கந்தோர் ஆள் சொன்னால் நம்புவா. கந்தோர் பதில் போடாதது எல்லா நாட்டிலும் நம்பக்கூடிய விஷயம்.'

நான் மறுத்திருக்கலாம். பிரதிநிதி தன் கட்சிக்காரரிடம் முடிவை மறைப்பது எவ்வளவு பாரதூரமான மீறல் என்று எனக்குத் தெரியும். எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினேன். பிறகு என் கைபேசியை எடுத்து, மொழிபெயர்க்கும் செயலியில் வசனத்தை அமைத்து, அவர் சரிபார்க்க நீட்டினேன். ஓர் எழுத்தைத் திருத்தித் தந்தார். அனுப்பினேன். அன்றைக்கென்று முதல் தடவையிலேயே போய்ச் சேர்ந்தது.

விசாவுக்குரிய காலம் முடிந்துவிட்டது. மஹின் இன்னும் கேட்கிறார். தங்கையின் குரல் கேட்பதில்லை, பாழாய்ப்போன இணைப்பு, நீங்களாவது அந்த அலுவலகத்தை நெருக்குங்கள் ஐயா என்று எழுதுகிறார். கூடவே, கடைசி அழைப்பில் கேட்ட ஒன்றரை வரியையும் ஒவ்வொரு முறையும் எழுதி அனுப்புகிறார், ஒரு சொல்லும் மறக்காமல். நான் அதைப் பர்வானேயிடம் காட்டுவதில்லை. இன்னும் பதில் இல்லை, தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று எழுதுகிறேன்.

மஹினுக்குத் தமிழ் தெரியாது. இது வெளிவரும் வார இதழ் ஷிராஸுக்குப் போவதில்லை. ஆகவே வேறெங்கும் பதிய முடியாததை இங்கே பதிந்து வைக்கிறேன். பதில் வந்தது, மே பதினேழுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை.